குருஜிக்குக் குரல் வந்த கதை

ரெட்டியார்பாளையத்தில் கோவிந்தசாமியின் பேக்கரியில் செவ்வாய்க்கிழமை மட்டும் காலையிலேயே பன் தீர்ந்துவிடும். மற்ற நாட்களில் சாயங்காலம் வரை கண்ணாடிப் பெட்டிக்குள் தூங்கும் அதே பன்தான். செவ்வாய் வந்தால் ஈரத் தலையும் குங்குமமுமாகப் பெண்கள் வருவார்கள், ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு போவார்கள். ஏன் என்று கோவிந்தசாமிக்குப் புரியவில்லை. வியாபாரம் நடக்கும்போது புரிந்துதான் என்ன ஆகப்போகிறது? 'செவ்வாய் விரத பன் இங்கு கிடைக்கும்' என்று ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிட்டார்.

அந்த அட்டையைப் பிரிஸ்கில்லாவும் படித்தாள். ரொட்டி வாங்க வந்தவள் ரொட்டியை மறந்து வீட்டுக்குத் திரும்பினாள். ஏனென்றால் அப்படி ஒரு விரதம் எந்தச் சாஸ்திரத்திலும் கிடையாது. அதைக் கண்டுபிடித்தவள் அவள்தான்.

பிரிஸ்கில்லா பரம்பரைக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். முதலியார்பேட்டையில் பிறந்து, கன்னியர் பள்ளியில் படித்து, ஓர் அச்சகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள். ஜோசப் ஆனந்தைக் கட்டிக்கொண்டு ரெட்டியார்பாளையத்துக்கு வந்தாள். ஜோசப் ஆனந்த் நல்ல மனிதன். ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் படிக்க அவன் எழுந்து நின்றால் கடைசி பெஞ்சில் தூங்குகிறவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள், அப்படி ஒரு குரல். ஆனால் அந்தக் குரலுக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. அவன் வேலை பார்த்த கம்பெனி ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கேட்டைப் பூட்டியது. மகள் ஜூலி அப்போதுதான் காரைக்காலில் நர்சிங் சேர்ந்திருந்தாள். அவன் வேலை தேடி அலைந்த வருடங்களில் குடும்பத்தை இழுத்தவை பிரிஸ்கில்லா நடத்திய வெப்சைட்டுகள்.

வெப்சைட்டுகள் என்று பன்மையில் சொல்வது சும்மா மரியாதைக்கு. இழுத்தது ஒன்றுதான். முதலில் 'தினம் ஒரு ஜெபம்' என்று ஒன்று ஆரம்பித்தாள். இந்தத் தொழிலில் ஆட்கள் வந்து படிக்க வேண்டும், படிக்கும்போது ஓரத்தில் விளம்பரம் தெரிய வேண்டும், அந்த விளம்பரத்தில்தான் வருமானம். ஜெபம் படிக்க வந்தவர்கள் ஜெபித்துவிட்டு நேராக வெளியே போனார்கள். அவ்வளவு சுத்தமான பக்தி. பிறகு 'பொன்ழூர் பாண்டி' என்று பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் சைட். நான்காம் பாடத்தோடு எல்லோரும் பிரான்சுக்கு விமானம் ஏறிவிட்டார்கள் போலிருக்கிறது, ஐந்தாம் பாடத்தை ஒருவரும் திறக்கவில்லை. பாண்டிச்சேரிச் சமையலுக்கு ஒன்று வைத்தாள். அதில் அவளுடைய நாத்தனார்கள் மட்டும் வந்து குறை சொன்னார்கள்.

அப்புறம்தான் ஊர் எதைத் தேடுகிறது என்று பார்த்தாள். காலையில் கண் விழித்ததும் தமிழ்நாட்டிலும் பாண்டியிலும் பாதிப் பேர் போனை எடுத்து 'இன்றைய ராசிபலன்' என்று தட்டுகிறார்கள். பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டு கம்ப்யூட்டரை மூடினாள். காபி குடித்துவிட்டு வந்து மறுபடி திறந்தாள்.

'கிரகவாசல்' அப்படிப் பிறந்தது. பெரிய மார்க்கெட் பக்கம் போய்ப் பஞ்சாங்கம் வாங்கினாள். கடைக்காரர் அவள் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டு, "யாருக்கும்மா?" என்றார். "பக்கத்து வூட்டுக்கு" என்றாள். வெப்சைட்டுக்கு ஒரு ஜோதிடர் வேண்டுமே என்று வில்வநாத குருஜி என்றொருவரை உண்டாக்கினாள். படம் கேட்டால் எங்கே போவது? ஒரு பித்தளைக் குத்துவிளக்கைப் போட்டாள். தொடர்புக்கு நம்பர் கொடுத்தால் நம்பிக்கை வரும் என்று பழைய போனில் ஒரு சிம் போட்டு, யார் எழுதினாலும் 'குருஜி மௌன விரதத்தில் இருக்கிறார்' என்று தானாகப் பதில் போகும்படி வைத்தாள். குருஜி பிறந்த நாளிலிருந்தே மௌனம்தான்.

வேலையில் அவள் ஏமாற்றவில்லை, அதையும் சொல்ல வேண்டும். எந்த ராசிக்கு எப்போது சந்திராஷ்டமம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். யாரையும் பயமுறுத்தி எழுதமாட்டாள். அவளுடைய குருஜியின் வாக்கில் விருச்சிக ராசிக்காரர்களுக்குக்கூடச் சாயங்காலத்துக்குள் ஏதாவது ஒரு நல்லது நடந்துவிடும். ஆனால் பன்னிரண்டு ராசியும் தினமும் பசியோடு எழுந்திருக்கும் பிள்ளைகள். ஒருநாள் எழுதாவிட்டால் ஆட்கள் வேறு சைட்டுக்குப் போய்விடுவார்கள், போனவர்கள் திரும்பமாட்டார்கள். ஆகையால் அவளுக்கு ஞாயிறு கிடையாது, காய்ச்சல் கிடையாது. வேளாங்கண்ணிக்குப் போய் எத்தனையோ வருடம். வில்லியனூர் மாதா தேரின்போது ஊரே மரியே வாழ்க என்று பாட, இவள் கூட்டத்துக்கு நடுவில் நின்று கன்னி ராசிக்கு வெளிர்நீலம் உகந்தது என்று போனில் அடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அந்த விரதமும் இப்படி ஓர் அவசரத்தில் வந்ததுதான். 'இந்த வாரப் பரிகாரம்' என்ற இடம் காலியாகக் கிடந்தது. மண்டைக்குள் ஒன்றும் இல்லை. அப்போது அம்மா ஞாபகம் வந்தது. அம்மா எதற்கெடுத்தாலும் அந்தோனியாருக்குப் பதின்மூன்று செவ்வாய் நேர்ந்துகொள்வாள். அவர் சிலை இருக்கும் கெபியில் மெழுகுவத்தி ஏற்றி, ஏழைக்கு ஒரு ரொட்டி கொடுப்பாள். பிரிஸ்கில்லா மெழுகுவத்தியை நெய்விளக்காக்கினாள். அந்தோனியாரை எடுத்துவிட்டு 'உங்கள் இஷ்ட தெய்வம்' என்று போட்டாள். ரொட்டியைப் பன் ஆக்கியதோடு சமையலறையில் குக்கர் விசில் அடித்துவிட்டது. எழுந்து போனவள் பன்னை அப்படியே விட்டுவிட்டாள். ஒரு சுண்டலாகவோ பொங்கலாகவோ மாற்ற வேண்டும் என்று தோன்றாதது அவள் வளர்ந்த வளர்ப்பு.

அந்தப் பக்கம் பற்றிக்கொண்டது. கிரகவாசலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அதற்காகவே வந்தார்கள். அதைப் பார்த்து மற்ற சைட்டுக்காரர்கள் அப்படியே எடுத்துப் போட்டார்கள். யூடியூபில் பெரிய பொட்டு வைத்த ஓர் அம்மா, பதின்மூன்று செவ்வாயின் மகிமை யுகயுகமாக வருவது என்றாள். ஜூலியின் படிப்பு அந்தப் பன்னில் ஓடியது என்றுதான் சொல்ல வேண்டும்.

பேக்கரி அட்டையைப் பார்த்த வாரமே பிரிஸ்கில்லா பாதரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"பொய்ய வித்துக்கினே மன்னிப்பு கேட்டா எப்படிம்மா? கடைய மூடிட்டு வா. நான் இங்கதான் இருப்பேன்" என்றார் பாதர்.

மூட முடியவில்லை. ஆகவே அன்றிலிருந்து அவள் நன்மை வாங்கவில்லை, பாதர் கையால் கொடுக்கும் அந்த அப்பத்தைத் தொடவில்லை. பூசையில் எல்லோரும் வரிசையாகப் போகும்போது இவள் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பீடத்தில் நின்று வாசகம் படிக்கும் புருஷனுக்கு அது தெரியும். வீட்டுக்கு வந்ததும் இருவரும் வேறு எதையாவது பேசுவார்கள்.

இந்தத் தை மாதம்தான் விடிவு வந்தது. ஒரு தனியார் கல்லூரியில் ஜோசப் ஆனந்துக்கு ஸ்டோர் கீப்பர் வேலை கிடைத்தது. ஜூலிக்கும் கடைசி வருடம். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு நடந்து வரும்போது பிரிஸ்கில்லா சொன்னாள்:

"பெரிய வெள்ளிக்குள்ள கிரகவாசல மூடிடப் போறேங்க. ஈஸ்டர் பாஸ்காவுக்கு நன்மை வாங்கணும்."

"மூடிடு. அந்த ஆளு நம்ம வூட்ல இருந்தது போதும்" என்றான் அவன். குருஜியைத்தான் சொன்னான்.

அன்று அவள் மனசு காற்றில் மிதந்தது. அடுத்த வருடம் வேளாங்கண்ணி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கம் என்று என்னென்னவோ யோசித்தாள். அந்தச் சந்தோஷம் ஒரு வாரம் தாங்கியது.

பக்கத்துப் போர்ஷனில் கலைவாணி என்றொருத்தி குடியிருந்தாள். தவளக்குப்பத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். விவசாயக் குடும்பம். புருஷன் விபத்தில் போன பிறகு அண்ணன் வீட்டில் சோற்றுக்குச் சொல் கேட்க முடியாமல் டவுனுக்கு வந்து, நேரு வீதியில் ஒரு புடவைக்கடையில் வேலைக்கு நின்றுகொண்டிருந்தாள். பிள்ளை இல்லை. பிரிஸ்கில்லாவைவிட ஐந்தாறு வயது சின்னவள், அக்கா அக்கா என்று உயிரை விடுவாள். அக்கா வீட்டிலிருந்தே ஏதோ டைப்பிங் வேலை செய்கிறாள் என்பதுதான் அவளுக்குத் தெரிந்தது. மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசுவார்கள்.

அப்படி ஒருநாள் கலைவாணி கையில் ஈரப் புடவையை வைத்துக்கொண்டே, "உங்ககிட்ட சொல்றதுக்கு என்னாக்கா, மாருல ஒரு கட்டி" என்றாள்.

"எவ்ளோ நாளா?"

"தீபாவளிலேருந்து இருக்குது. வலி கிலி ஒண்ணுமில்ல. லேடி டாக்டர் ஒருத்தங்க பார்த்துட்டு, உடனே ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போ, ஊசி வச்சு எடுத்து டெஸ்ட் பண்ணுவாங்கன்னாங்க. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிடுச்சுக்கா. எங்க சித்தி அப்படித்தான் போச்சு. கத்தி பட்டாதான் பரவும்னு சொல்றாங்க."

"கலை, நாளைக்கே போலாம் வா. நான் கூட வர்றேன்."

"போவத்தான் போறேன். பதிமூணு செவ்வா எடுத்திருக்கேன்கா. இதோட ஏழு முடிஞ்சுது. முழுசா முடிச்சிட்டுப் போனா கட்டி கரைஞ்சிருக்கும், டெஸ்ட்லயும் ஒண்ணும் இல்லன்னு வரும்."

பிரிஸ்கில்லா கையிலிருந்த கிளிப்பைக் கீழே போட்டாள். தான் ஒரு மத்தியான அவசரத்தில், குக்கர் விசிலுக்கு நடுவில் எழுதியதை நம்பி ஒருத்தி உடம்பில் நோயை வளர்த்துக்கொண்டிருக்கிறாள்.

முதலில் தனக்குத் தெரிந்த வழியில் போனாள். விரதப் பக்கத்தைத் திறந்து, மேலே சிவப்பு எழுத்தில், 'உடல் நோய் உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் செல்ல வேண்டும், செல்லாமல் இருக்கும் விரதம் பலன் தராது' என்று சேர்த்தாள். கலைவாணி தினமும் பார்க்கிற சைட்தானே, கண்ணில் படாமலா போகும்?

பட்டது. மறுநாள் அவளே போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, இந்தக் கூத்தப் பாருங்க. குருஜி சைட்ல யாரோ கை வச்சிருக்கான். ஆஸ்பத்திரிக்குப் போன்னு எந்தச் சாமியாராவது சொல்லுவாரா? நல்லவேளை, முதல்லயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருந்தேன்." அதோடு நிற்கவில்லை. அதே விரதத்தைப் போட்டிருந்த வேறு நாலு சைட்டுகளைக் காட்டினாள். பெரிய பொட்டு அம்மாவைக் காட்டினாள். "எதுலயும் இந்தச் சிவப்பு எழுத்து கிடையாது. அப்ப எது நிஜம், சொல்லுங்க?"

எழுதியவள் திருத்தினால் எழுதியவள்தான் பொய் என்று ஆகிறது. ஒரு சைட்டில் செம்பருத்தி வைக்கச் சொல்லியிருந்தார்கள். இன்னொன்றில் விரதத்தை ஏதோ ஒரு முனிவர் தலையில் கட்டியிருந்தார்கள். பன்னை மட்டும் எல்லோரும் பயபக்தியோடு அப்படியே வைத்திருந்தார்கள்.

எட்டாவது செவ்வாய் நெருங்கியது. பிரிஸ்கில்லா துணிந்துவிட்டாள். கலைவாணியை வீட்டுக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, எதிரில் உட்கார வைத்தாள். மானம் போனால் போகட்டும், தெரு முழுக்கச் சிரித்தால் சிரிக்கட்டும்.

"கலை, அந்தப் பதிமூணு செவ்வாய எழுதினது நான்தான். குருஜி கிருஜின்னு ஆரும் கிடையாது. அது என் சைட்டு."

கலைவாணி அவளையே பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"நீங்களா? நீங்க வேதக்காரங்க. ராகுகாலம் உங்களுக்கு என்னாக்கா தெரியும்?"

"தெரியும். எல்லாம் தெரியும். அது எங்க அம்மா அந்தோனியாருக்கு நேர்ந்துக்கற நேர்த்திக்கடன். நான் பேர மாத்திப் போட்டுட்டேன். வேணும்னா யோசிச்சுப் பாரு, எந்த விரதத்துலயாவது பன் தானம் பண்ணுவாங்களா? ரொட்டி குடுக்கறது எங்காளுங்க பழக்கம்."

கலைவாணி நிஜமாகவே யோசித்தாள். யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அப்ப உங்காளுங்கதான் எங்ககிட்டேருந்து எடுத்திருப்பாங்க."

பிரிஸ்கில்லா எழுந்துபோய்க் கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினாள். உள்ளே எழுதும் இடம், விளம்பரக் கணக்கு, பாதியில் நிற்கிற நாளைய மிதுன ராசி. கலைவாணி எட்டிப் பார்த்தாள்.

"டைப்பிங் வேலன்னீங்க, குருஜிக்குத்தான் பண்றீங்களா? இத்தினி நாள் சொல்லவே இல்லியே!" என்றாள். முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியது. "அவர்கிட்டயே வேலை செஞ்சிக்கினு அவரையே இல்லன்னு சொல்றீங்களேக்கா. நான் ஆஸ்பத்திரிக்குப் போவணும்ங்கறதுக்காகத்தான் சொல்றீங்க, புரியுது. அதுக்காகச் சாமி விஷயத்துல பொய் சொல்லாதீங்க. உங்களுக்குப் பாவம்."

உண்மையைச் சொன்னதற்குப் பாவம் என்று பெயர் வாங்கிய கிறிஸ்தவள் பாண்டிச்சேரியிலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. சொல்லிவிட்டால் விடுதலை என்று நினைத்திருந்தாள். கதவைத் திறந்து பார்த்தால் அங்கேயும் சுவர்.

சாயங்காலம் ஜோசப் ஆனந்த் வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"ஏழு செவ்வா போயிடுச்சு. இன்னும் ஆறு. அதுக்குள்ள என்னாவுமோ?"

அவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். "நீ சொன்னா கேக்கமாட்டா. அந்த ஆளு சொன்னா கேப்பா" என்றான்.

"எந்த ஆளு?"

"நம்ம வூட்ல இருக்கறானே, அவன்தான்."

மூடப்போகிற குருஜியை வாய் திறக்க வைப்பதா? பிரிஸ்கில்லா மாட்டேன் என்றாள். வேறு வழி சொல்லு என்றான் அவன். அவளிடம் வேறு வழி இல்லை. பழைய போனை எடுத்துப் பார்த்தார்கள். கலைவாணி போன மாதமே குருஜிக்கு எழுதியிருந்தாள், மௌன விரதத்துக்கும் வணக்கம் போட்டு. 'சாமி எனக்கு யாரும் இல்ல. நீங்கதான் பாத்துக்கணும்.' அதைப் படித்த பிறகு பிரிஸ்கில்லா மறுக்கவில்லை.

எழுதி அனுப்பினால் யாரோ கைவைத்தது என்பாள். அதனால் குரலாகவே போகட்டும் என்று முடிவு செய்தார்கள். கலைவாணிக்கும் ஜோசப் ஆனந்துக்கும் இதுவரை தலையாட்டலோடு சரி, பேச்சு இருந்ததில்லை. பிரிஸ்கில்லா வாசகத்தை எழுதிக் கொடுத்தாள். ஜோசப் ஆனந்த் தண்ணீர் குடித்துவிட்டு, பூசையில் நிற்பதுபோல நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

"மகளே கலைவாணி. உனக்காகவே என் மௌனத்தைக் கலைக்கிறேன். எட்டாவது செவ்வாய் உன் விளக்கு வீட்டில் எரியக்கூடாது. மருத்துவமனைக்குப் போ. அங்கே நீ காத்திருக்கும் நேரமே உன் விரதம். மருத்துவர் சொல்வதை என் சொல்லாகக் கேள்."

பிரமாதமாக வந்தது. முடித்த வேகத்தில், பூசை வாசகத்தை முடிக்கிற பழக்கதோஷத்தில், "ஆண்டவரின் அருள்வாக்கு" என்றும் சேர்த்துவிட்டான். பிரிஸ்கில்லா தலையில் அடித்துக்கொண்டாள். மறுபடி முதலிலிருந்து பேச வேண்டியிருந்தது.

அனுப்பிய கொஞ்சநேரத்தில் பக்கத்துப் போர்ஷன் கதவு படாரென்று திறந்தது. கலைவாணி ஓடிவந்தாள், கண்ணெல்லாம் தண்ணீர். "அக்கா! குருஜி பேசிட்டாருக்கா! என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு!" ஜோசப் ஆனந்த் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அவளுக்கு முன்னால் இனிமேல் அவன் வாய் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச முடியாது என்பது இருவருக்கும் அப்போதுதான் உறைத்தது. அன்றிலிருந்து கலைவாணி வந்தால் அவனுக்குத் தொண்டை கட்டிவிடும்.

எட்டாவது செவ்வாய் இருவரும் ஜிப்மருக்குப் போனார்கள். பிரிஸ்கில்லா கூடவே வரிசையில் நின்றாள். டெஸ்ட் முடிவு வந்தது. கெட்ட கட்டிதான். ஆனால் நேரத்தோடு வந்துவிட்டீர்கள், எடுத்துவிடலாம், பிறகு மருந்து ஏற்ற வேண்டும் என்றார் டாக்டரம்மா. கலைவாணிக்கு அதில் காதில் விழுந்தது ஒன்றுதான். "நேரத்தோட வந்துட்டேன். பார்த்தீங்களா, குருஜி அனுப்பின நேரம்!"

பிரிஸ்கில்லாவுக்கு உயிர் திரும்பி வந்தது. ஆபரேஷன் முடியட்டும், குருஜி மறுபடி மௌனத்துக்குப் போகட்டும், பெரிய வெள்ளிக்குள் எல்லாவற்றையும் மூடிவிடலாம். வீட்டுக்கு வந்ததும் நாத்தனார்களுக்குப் போன் போட்டு, பாஸ்காவுக்கு எல்லோரும் சாப்பிட வாருங்கள் என்றுகூடச் சொல்லிவிட்டாள்.

ஆபரேஷனுக்குப் பாஸ்காவுக்கு முந்தின பரிசுத்த வாரத்தில்தான் தேதி கிடைத்தது. முதல்நாளே வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். கலைவாணியின் அண்ணன் ஊரிலிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டான். கூட இருப்பதற்குப் பிரிஸ்கில்லா இருந்தாள்.

மத்தியானம் ஒரு சின்ன டாக்டர் பையன் வந்தான். ஆபரேஷனில் என்ன செய்வார்கள் என்று பொறுமையாக விளக்கினான். மார்பை முழுவதும் எடுக்க வேண்டியிருக்கலாம் என்றான். சம்மதம் என்று கையெழுத்துப் போடச் சொன்னான். கலைவாணி பேனாவை வாங்கவில்லை.

"கொஞ்சம் பொறுங்க சார். ஒருத்தர கேட்டுட்டுப் போடறேன்."

"வீட்டுக்காரரா?"

"இல்ல சார். பெரியவரு ஒருத்தரு."

அவன் அடுத்த கட்டிலுக்குப் போனான். கலைவாணி போனை எடுத்து எழுதினாள். எழுதி முடித்ததும், அவள் கட்டிலை ஒட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்த பிரிஸ்கில்லாவின் மடியில், கைப்பைக்குள், பழைய போன் அதிர்ந்தது. பிரிஸ்கில்லா பையை வயிற்றோடு சேர்த்து அமுக்கிக்கொண்டாள்.

"கையெழுத்துப் போடு கலை. டாக்டர் சொல்றத என் சொல்லா கேள்னுதான் சொன்னாரே."

"அது டெஸ்டுக்கு. இது உடம்பையே அறுக்கறது. அவரு சொல்லட்டும்."

"அவரு மௌன விரதம்."

"எனக்காகக் கலைப்பாரு." அவள் கண்ணைப் போனிலிருந்து எடுக்கவில்லை. "இல்லன்னா நான் வூட்டுக்கு வந்துடறேன்கா. இன்னும் செவ்வா பாக்கி இருக்குது."

பிரிஸ்கில்லா, பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்று எழுந்தாள். மாடிப்படி திருப்பத்தில் நின்று புருஷனைக் கூப்பிட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"ஸ்டோர்ல. என்னா?"

"கையெழுத்துப் போடமாட்டேங்கறா. குருஜி சொல்லணுமாம்."

"பிரிஸ்கி, இப்ப பேசுனா அப்புறம் நிறுத்த முடியாது. தெரியுதில்ல?"

"தெரியுது."

"பாஸ்காவுக்கு நன்மை?"

"நீங்க பேசுங்க" என்று மட்டும் சொன்னாள். அதற்குமேல் சொல்ல ஆரம்பித்தால் அங்கேயே உடைந்து அழுதிருப்பாள். அவன் புரிந்துகொண்டான். "சரி, ரெண்டு நிமிஷம்" என்றான்.

அவன் அனுப்பியதை அவள் குருஜியின் போனிலிருந்து கலைவாணிக்கு அனுப்பினாள். வார்டுக்குத் திரும்பும்போது கலைவாணி போனைக் காதில் வைத்துக் கண் மூடிக்கொண்டிருந்தாள். குரலுக்குப் பின்னால் யாரோ மேசையை இழுக்கிற சத்தமும் கேட்டது.

"மகளே, பயப்படாதே. அவர்கள் எடுப்பது உன் நோயை. உன்னை அல்ல. கையெழுத்திடு."

கலைவாணி கண்ணைத் திறந்தாள். "ஆசிரமத்துல என்னமோ வேலை நடக்குது போல. அதுக்கு நடுவுலயும் எனக்குச் சொல்றாரு பாருங்க." பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். நிமிர்ந்து, குழந்தையைத் தேற்றுவதுபோலப் பிரிஸ்கில்லாவின் கையைத் தட்டிக்கொடுத்தாள். "அவரு இல்லன்னீங்களே அக்கா."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஜோசப் ஆனந்த் கோயிலில் இயேசுவின் பாடுகளின் வாசகம் படித்துக்கொண்டிருந்த பெரிய வெள்ளி மத்தியானம், பிரிஸ்கில்லா வார்டில் கலைவாணிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா வந்து கட்டுப்போட்ட இடத்தைப் பார்த்தார். இன்னும் சில வாரத்தில் மருந்து ஏற்ற ஆரம்பிக்கலாம், அது முடிந்தாலும் ஐந்து வருடம் விடாமல் செக்கப்புக்கு வர வேண்டும், நடுவில் நிறுத்தினால் பட்ட பாடெல்லாம் வீண் என்றார். பக்கத்துக் கட்டில் பெண் மூன்றாவது ஊசியோடு பயந்து வீட்டுக்குப் போய், இப்போது திரும்பி வந்து படுத்திருக்கிறாள் என்று நர்சம்மா சொன்னாள்.

டாக்டரம்மா போனதும் கலைவாணி கஞ்சிக் கிண்ணத்தைக் கையால் தள்ளினாள்.

"அஞ்சு வருஷம்னா ரொம்ப நாளாச்சேக்கா. ஒவ்வொரு தடவையும் அவரு சொன்னாதான் எனக்குத் தைரியம் வரும்." திரும்பிப் பிரிஸ்கில்லாவைப் பார்த்தாள். கண்ணில் நிஜமான பயம் இருந்தது. "குரலக் கேட்டா வயசானவரு மாதிரி இருக்குது. நீங்க அவர்கிட்ட வேலை செய்யறீங்க, உங்களுக்குத் தெரியும். அது வரைக்கும் இருப்பாரா?"

பிரிஸ்கில்லா கிண்ணத்தை மறுபடி அவள் வாயருகே கொண்டுபோனாள்.

"இருப்பாரு. எங்கயும் போகமாட்டாரு. நீ குடி" என்றாள்.